திருப்பிக் கொடுக்க முடியுமா? வாங்குமுன் கேளுங்கள்!

(இணையத்தில் கணினி வாங்குவது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்பேன். மேடையில் இருக்கும் பெரியவர்கள் பதில் சொல்வார்கள். இன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தலைப்பில் நான் பெரிய நிபுணர் என்பதால் அல்ல. என் குடும்பம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் என்பதால்!

ஜொகூரில் கணினி வாங்குவதென்றால் ஒரு காலத்தில் நமக்குத் தெரிந்தது இரண்டே வழி. ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவுக்குப் போவது. இல்லையென்றால் பாலம் தாண்டி சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்துக்குப் போவது. கடை கடையாக ஏறி இறங்குவோம். பேரம் பேசுவோம். கடைக்காரர் நம் கண் முன்னாலேயே கணினியைப் போட்டுக் காட்டுவார். மறுநாள் கோளாறு என்றால் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ஆளிடம் போய் நிற்போம்.

இப்போது கடையே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை ஏற்பட்டதும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதுவரை இணையத்தில் ஒரு சட்டைகூட வாங்காத பெற்றோர்கள், முதன்முதலாக மடிக்கணினி வாங்கியதே அந்தச் சமயத்தில்தான். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

வாங்குவது சுலபம். விரலால் நாலு தட்டு. கோளாறு என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? இந்தக் கேள்வியைப் பணம் கட்டிய பிறகு கேட்கிறோம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஒன்பது நாள் பிரிக்காத பெட்டி

என் அக்கா குடும்பம் மாசாயில் இருக்கிறது. அத்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இரவில் திரும்புகிறவர். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில் இணையக் கடை ஒன்றில் 2,499 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்கினார்.

பெட்டி வந்தபோது மகள் சிகாமட்டில் பாட்டி வீட்டில் இருந்தாள். "அவள் வந்து அவள் கையாலேயே பிரிக்கட்டும்" என்று அக்கா அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். 'பொருள் கிடைத்துவிட்டதா?' என்று தொலைபேசி நினைவூட்டிக்கொண்டே இருந்ததால், இரண்டாம் நாளே 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானையும் அழுத்திவிட்டார். பொருள்தான் வந்துவிட்டதே!

ஒன்பதாம் நாள் மகள் வந்து பெட்டியைப் பிரித்தாள். கணினி ஓடியது. ஆனால் திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு! "சித்தி, கோடு போகவே மாட்டேங்குது" என்று எனக்குப் படம் அனுப்பினாள்.

கடையைக் கேட்டோம். "பொருள் கிடைத்து 7 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். நீங்களோ பெற்றுக்கொண்டதாக உறுதி செய்துவிட்டீர்கள். இனிமேல் தயாரிப்பாளரின் சேவை மையத்தைப் பாருங்கள்" என்றார்கள். சேவை மையத்தில் கேட்டால், "திரையை வரவழைத்துத்தான் மாற்ற வேண்டும், சில வாரங்கள் ஆகும்" என்றார்கள். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது.

நானும் கடைக்குப் போன் போட்டேன். "நான் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிறவள்" என்று கொஞ்சம் மிடுக்காகவே ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகப் பணிவாகச் சொன்னார்: "சரிங்க அக்கா, ஆர்டர் நம்பர் சொல்லுங்க!"

கடைசியில், சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் வழிகாட்ட, எழுத்து மூலம் புகார் கொடுத்து, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்கைப் பதிந்தோம். விசாரணை நாள் வருமுன்பே கடைக்காரர்கள் அழைத்து வேறு கணினி கொடுத்துவிட்டார்கள். வெற்றிதான். ஆனால் அதற்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரமும் பிள்ளை கைத்தொலைபேசியிலேயே கட்டுரை எழுதினாள். கல்லூரிக் கணினி அறையில் வரிசையில் நின்றாள்.

அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "சித்தி, 7 நாளுன்னு எழுதியிருந்ததை வாங்குறதுக்கு முன்னாடி யாருமே படிக்கலையா?"

நாங்கள் யாருமே படிக்கவில்லை.

உரிமை வேறு, சலுகை வேறு

பொருளைத் திருப்பிக் கொடுப்பது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, சட்டம் நமக்குக் கொடுக்கும் உரிமை. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தொடக்கத்தில் இந்தச் சட்டம் மின்னணு வணிகத்தை விலக்கியே வைத்திருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இணையத்தில் வாங்கும் பொருள்களும் இதன்கீழ் வந்துவிட்டன. சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று நாம் கடைக்காரரிடம் சொல்லி வாங்கியிருந்தால் அந்த வேலைக்கு உதவ வேண்டும். யாரும் தனியாக எழுதிக் கொடுக்காவிட்டாலும் இந்த உத்தரவாதங்கள் இருக்கின்றன.

கோளாறு சரிசெய்யக் கூடியதென்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரும்படி கேட்கலாம். அதைச் செய்யத் தவறினாலோ, கோளாறு பெரிதாக இருந்தாலோ, பொருளை நிராகரித்துப் பணத்தையோ மாற்றுப் பொருளையோ கேட்கலாம். இதில் விற்றவருக்கே பொறுப்பு உண்டு. "தயாரிப்பாளரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவ முடியாது.

இரண்டாவது, கடை தானாக முன்வந்து கொடுக்கும் சலுகை. '7 நாளுக்குள் திருப்பலாம்', '14 நாளுக்குள் பணம் வாபஸ்' என்பதெல்லாம் இந்த வகை. இது கடைக்குக் கடை மாறும். கடை எழுதி வைத்திருப்பதுதான் எல்லை. ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

சட்டத்தின் உரிமை வலுவானது. ஆனால் அதை நிலைநாட்ட நாள் பிடிக்கும். கடையின் சலுகை குறுகியது, ஆனால் வேகமானது. எங்கள் விஷயத்தில் ஏழு நாளுக்குள் பெட்டியைப் பிரித்திருந்தால், இரண்டு மூன்று செய்திகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குப் போய் ஏழு வாரம் அலைந்தோம்!

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"

இந்த வாசகத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அவசியமில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறாக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டமே செல்லும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பழுதான கணினியை விற்றுவிட்டு, அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் நம் பக்கமும் கவனம் தேவை. ஒரு குறையை விற்பனையாளர் முன்கூட்டியே குறிப்பாகச் சுட்டிக் காட்டியிருந்து, அதை அறிந்தே நாம் வாங்கியிருந்தால், பிறகு அதே குறையைச் சொல்லிச் சண்டை போட முடியாது. 'கடையில் காட்சிக்கு வைத்திருந்தது, மூடியில் கீறல் உண்டு, மின்கலம் பழையது' என்று விளம்பரத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கலாம். விலை ஏன் 400 வெள்ளி குறைவு என்பதற்கு விடை அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, நிராகரிக்கும் உரிமை எந்நாளும் நீடிக்காது. நியாயமான காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நம் கையில் வந்த பிறகு கீழே போட்டு உடைத்தாலோ தேநீரைக் கொட்டினாலோ அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல.

மனம் மாறினால்?

கணினியில் கோளாறே இல்லை. ஆனால் கனமாக இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை. மகன் வேறு மாதிரி கேட்கிறான். திருப்பித் தர முடியுமா?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முடியும். 2011இல் இயற்றப்பட்டு 2014 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் எதுவும் சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கியவருக்கு வீட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் தர வேண்டும் என்பது அதன் நியாயம்.

இணையத்தில் வாங்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும்படி அப்படி ஓர் உரிமை நம் நாட்டில் இல்லை. ஆகவே மனம் மாறித் திருப்புவதற்குக் கடையின் சலுகை ஒன்றுதான் கதி. கடை அனுமதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சில வணிக நிறுவனங்கள் தங்கள் சொந்த இணையக் கடைகளில் 14 நாள் தருகின்றன. சில கடைகள் பெட்டியின் முத்திரையைப் பிரிக்காதவரை மட்டுமே ஏற்கும். சிலர் பழுது தவிர வேறு எதற்கும் ஏற்பதில்லை.

கடைக்காரர்களையும் குறை சொல்வதற்கில்லை. முத்திரை பிரித்து, நம் பெயரில் கணக்குத் திறந்த கணினியை அவர்கள் மறுபடி புதியது என்று விற்க முடியாது. விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும். அந்த நட்டத்துக்குப் பயந்துதான் இத்தனை நிபந்தனை. அதனால்தான் சட்டைக்கும் காலணிக்கும் தாராளமாக இருக்கும் கடைகள், கணினி என்றதும் கையை இறுக்கிக்கொள்கின்றன.

பணம் கட்டுமுன் ஆறு கேள்விகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளியைப் போடுமுன் பத்து நிமிடம் செலவழித்து இந்த ஆறு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

ஒன்று: விற்பவர் யார்? பெரிய இணையச் சந்தை ஒன்றில் வாங்கினாலும் உண்மையில் விற்பவர் அதற்குள் இருக்கும் ஒரு சிறு கடையாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் கடையாகவும் இருக்கலாம். நம் நாட்டில் 2013 ஜூலை முதல் நடப்பில் இருந்த மின்னணு வணிக விதிமுறைகளுக்குப் பதிலாக, 2024 டிசம்பரில் புதிய விதிமுறைகள் வந்துள்ளன. விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, விற்பனை நிபந்தனைகள் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்பது இவற்றின் சாரம். இந்த விவரம் இல்லாத பக்கத்தைப் பார்த்தால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு: எத்தனை நாள், எந்த நாளிலிருந்து? ஆர்டர் கொடுத்த நாளிலிருந்தா, பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்தா? ஞாயிறும் விடுமுறை நாளும் கணக்கில் சேருமா? அந்த நாளுக்குள் தகவல் சொன்னால் போதுமா, பொருளே கடைக்குப் போய்ச் சேர வேண்டுமா?

மூன்று: எந்தக் காரணத்துக்கு ஏற்பார்கள்? பழுதுக்கு மட்டுமா, தவறான பொருள் வந்தாலுமா, மனம் மாறினாலுமா? 'வந்தபோதே பழுது' என்று ஏற்க என்ன ஆதாரம் கேட்பார்கள்?

நான்கு: எந்த நிலையில் திருப்ப வேண்டும்? முத்திரை பிரிக்கலாமா? பெட்டி, நுரைத்தாள், மின்னேற்றி, இலவசமாகக் கொடுத்த பை, சுட்டி எல்லாம் வேண்டுமா? இலவசப் பொருளை எடுத்து உபயோகித்துவிட்டால் அதன் விலையைக் கழிப்பார்களா?

ஐந்து: செலவு யாருடையது? கூரியர் கட்டணம் யார் கட்டுவது? பிரித்த பொருளுக்கு இத்தனை விழுக்காடு என்று பிடித்தம் உண்டா?

ஆறு: என்ன கிடைக்கும்? பணமாகவா, மாற்றுக் கணினியாகவா, அதே கடையில் செலவழிக்கும் பற்றுச்சீட்டாகவா? பணம் என்றால் எத்தனை நாளில், எந்தக் கணக்கில்?

விடை கிடைக்காத கேள்வியைக் கடைக்காரரிடம் எழுத்திலேயே கேளுங்கள். அவர் எழுதும் பதிலைப் படம் பிடித்து வையுங்கள். வாங்கும் நாளன்று இருந்த நிபந்தனைப் பக்கத்தையும் அப்படியே சேமியுங்கள். பக்கம் நாளைக்கு மாறலாம்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

"இவ்வளவு பார்க்க வேண்டுமா?" என்று நினைப்பவர்களுக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சம்பவம். இது இணையத்தில் நடந்ததல்ல. ஆனால் பாடம் ஒன்றே. 2014 நவம்பரில் சிம் லிம் சதுக்கத்தில் மொபைல் ஏர் என்ற கடையில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு சுற்றுப்பயணி 950 சிங்கப்பூர் டாலர் கொடுத்து ஐபோன் வாங்கினார். பணம் கட்டிக் கையெழுத்தும் போட்ட பிறகு, உத்தரவாதத்துக்கு என்று இன்னும் 1,500 டாலர் கேட்டார்கள். அது நீங்கள் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது என்றார்கள். அந்த மனிதர் கடைக்குள் மண்டியிட்டு அழுத காட்சி இணையத்தில் பரவி உலகமே பார்த்தது. அந்தக் கடை உரிமையாளருக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது சரி. ஆனால் அந்தத் தாளை மட்டும் நினைத்துப் பாருங்கள். நம் கைத்தொலைபேசியில் 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற சிறு கட்டத்தைத் தட்டுகிறோமே, அதுவும் நம் கையெழுத்துதான். எத்தனை பேர் படித்துவிட்டுத் தட்டுகிறோம்?

அங்கே வேலை செய்யும் ஜொகூர்க்காரர்கள் பலர் அங்குள்ள கடைகளிலேயே வாங்கி வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், பழுதான பொருளுக்கான தனிச் சட்டப் பிரிவு நடப்பில் இருக்கிறது. பொருள் கிடைத்து 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தப் பழுது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்தக் கடைமீது புகார் என்றால் அங்கேதான் போக வேண்டும். கணினியின் உத்தரவாதம் மலேசியாவிலும் செல்லுமா என்பதையும் வாங்குமுன்பே கேட்டு வையுங்கள்.

பெட்டி வந்த அன்றே...

எங்கள் அக்கா செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். பெட்டி வந்த அன்றே பிரியுங்கள். மனம் மாறினால் திருப்பும் எண்ணம் இருந்து, கடை முத்திரை பிரிக்காத பொருளை மட்டும்தான் ஏற்கும் என்றால், முத்திரையில் கை வைக்குமுன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

பிரிக்கும்போது வீட்டில் ஒருவரைத் தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கூரியர் ஒட்டிய முகவரித் தாள், முத்திரை, பெட்டியின் நாலு பக்கம், உள்ளே இருக்கும் கணினி, அதன் தொடர் எண், முதன்முதல் திரை எரியும் காட்சி, எல்லாம் வெட்டில்லாமல் ஒரே படமாக இருக்கட்டும். "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பிறகு, விளம்பரத்தில் சொன்னதும் வந்ததும் ஒன்றா என்று பாருங்கள். செயலி எது, நினைவகம் எவ்வளவு, சேமிப்பிடம் எவ்வளவு என்பது கணினியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும். ஒரு விஷயத்தில் பயப்பட வேண்டாம். 512 ஜிபி என்று வாங்கிய சேமிப்பிடத்தை விண்டோஸ் சுமார் 476 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதால் வரும் வித்தியாசம் அது, ஏமாற்று அல்ல.

திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்ததுபோல் கோடு இருந்தால் அது பழுதுதான், சந்தேகமே இல்லை. ஒற்றைப் புள்ளி மட்டும் அணைந்திருந்தால் விவாதம் வரும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. திரைகளுக்கு 2001இல் வந்த அனைத்துலகத் தரநிலை ஒன்றின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் அணைந்த புள்ளி 2 வரை அனுமதித்தது. இதுபோன்ற கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு புள்ளியைப் பழுதாக ஏற்காத நிறுவனங்கள் உண்டு. எத்தனை புள்ளிக்கு மாற்றித் தருவார்கள் என்பதையும் நிபந்தனையில் தேடுங்கள்.

விசைப்பலகையின் எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். கேமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வைஃபை, யுஎஸ்பி துளைகள் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிடுங்கள். இவ்வளவும் முடிந்து மனம் திருப்தியான பிறகுதான் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தான். பல இணையச் சந்தைகளில் நாம் அதை அழுத்தும்வரை, அல்லது அதற்குரிய காலக்கெடு முடியும்வரை, நம் பணம் சந்தை நடத்துபவர் கையில்தான் நிற்கும். அழுத்தியதும் விற்பவருக்குப் போய்விடும். நம் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்! அதனால்தான் "நேராக என் வங்கிக் கணக்கில் போட்டால் 100 வெள்ளி குறைத்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் மசியக் கூடாது. அப்படிப் போட்டு ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

கணினியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அதில் ஏற்றிய உங்கள் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு அழித்துவிடுங்கள். கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். திருப்பும் காலக்கெடு முடியும்வரை பெட்டியையும் நுரையையும் குப்பையில் போடாதீர்கள்.

பிரச்சினை வந்துவிட்டால்

முதலில் எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் கத்துவது காற்றோடு போகும் என்பதற்கு நானே சாட்சி. எந்த நாளில் வாங்கினேன், எந்த நாளில் கிடைத்தது, என்ன பழுது, என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்று நாலு வரி போதும். படமும் ரசீதும் இணையுங்கள்.

பதில் இல்லையென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். தேசிய பயனீட்டாளர் புகார் மையத்தையும் நாடலாம். அதற்கும் மசியாவிட்டால், மலாயில் 'திரிபுனல்' என்று சொல்கிறோமே, அந்தப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நாமே நம் கதையைச் சொல்லலாம். இணையத்திலும் பதியலாம். தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையே கேட்ட மன்றம் இது. 2003இல் 25,000 ஆகி, 2019 திருத்தத்தில் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. எந்தக் கணினியும் இதற்குள் அடங்கும். வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிவு சொல்வார்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இது பயனீட்டாளருக்கான மன்றம். தொழிலுக்காக, நிறுவனத்தின் பேரில் வாங்கிய கணினிக்கு இந்த வழி பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து விற்றவரை இங்கே வரவழைப்பதும் எளிதல்ல. அதனால்தான் 'விற்பவர் யார்' என்பதை முதல் கேள்வியாக வைத்தேன்.

ரசீதைப் பத்திரப்படுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினி, வருமான வரியில் 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கை முறைக் கழிவில் சேரும். அதற்கான ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முடிவாக...

அத்தான் அந்த 2,499 வெள்ளியை எத்தனை விடியற்காலைகளில் சம்பாதித்தார் என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்று சம்பாதித்த பணம் அது. அந்தப் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு பக்கம் படிக்க எங்களில் ஒருவருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. படம் பார்த்தோம், விலை பார்த்தோம், நட்சத்திரம் எண்ணினோம். திருப்பும் நிபந்தனையை மட்டும் பார்க்கவில்லை.

இரண்டு கடையில் ஒரே கணினி. ஒன்றில் 2,499, இன்னொன்றில் 2,579. விலை அதிகமான கடை, பிரித்த பொருளையும் 14 நாளுக்குள் வாங்கிக்கொள்கிறது, கூரியர் செலவும் அவர்களுடையது என்றால், எது மலிவு? இனிமேல் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

போன மாதம் அக்கா மகளின் தோழி ஒருத்தி மடிக்கணினி வாங்கினாளாம். என்ன மாடல் வாங்கலாம் என்று யோசனை கேட்க வந்தவளிடம் இவள் முதலில் கேட்டது, "எத்தனை நாளைக்குள்ள திருப்பலாம்னு பார்த்தியா?"

வீட்டில் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பணம் கட்டுமுன் கேளுங்கள்.